கேள்வி பதில்: காவோலைக்கு இங்கிலீஷில் என்ன பெயர்?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது போகிற போக்கில் 'யுபிக்விட்டஸ்' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. அதிகம் புழங்காத, கொஞ்சம் மேல்தட்டு ஆங்கிலச் சொற்களை எப்படிக் கற்பது, கற்கத்தான் வேண்டுமா, கற்றால் எங்கே பயன்படுத்துவது என்று எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். அதனால் இந்த முறை முழுப் பக்கமும் அதற்கே.

என் வீட்டில் ஆங்கிலம் படிக்கும் முதல் ஆள் நான். வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஜிஆர்இ தேர்வு எழுதப் போகிறேன். தினமும் 30 கடினச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் நாலைந்துதான் நிற்கிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவா? – கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

இல்லவே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் மறக்கும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் என்பவர் பொருளே இல்லாத அசைகளாகப் பார்த்துத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885-ல் புத்தகமாகவே வெளியிட்டார். படித்த முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி போய்விடுகிறது, அதற்கப்புறம் மறதியின் வேகம் குறைகிறது. அவர் எடுத்துக்கொண்டது பொருளில்லாத அசைகள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் பட்டியலில் உள்ள 30 சொல்லும் இன்றைக்கு உங்களுக்கு அந்த மாதிரி அசைகள்தான், பக்கத்தில் ஒரு வரி விளக்கம் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் ராமநாதபுரம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் படித்தவன். 'யுபிக்விட்டஸ்' என்ற சொல் பாடத்தில் வந்தபோது எங்கள் ஆசிரியர் அகராதியைத் திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சீமைக்கருவேலம். "எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுவே நிற்கிறதா? அதுதான்டா அந்த வார்த்தை" என்றார். அத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அந்தச் சொல் முள்ளோடும் மஞ்சள் பூவோடும்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு சொல் நம் கண்ணால் பார்த்த ஏதோ ஒன்றில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டும், அப்படி ஒட்டிக்கொண்டால் அதை மறக்க நாம்தான் பாடுபட வேண்டியிருக்கும்.

அதனால் 30 வேண்டாம், நாளுக்கு ஐந்தாறு போதும். ஆனால் அந்த ஐந்தாறும் ஒரே குடும்பமாக இருக்கட்டும். லத்தீனில் 'லொக்வி' என்றால் பேசு. வாயாடிக்கு 'லொக்வேஷஸ்', சொல்வன்மை உள்ளவருக்கு 'எலொக்வென்ட்', நாடகத்தில் ஒருவர் தனியாகத் தன்னோடு பேசிக்கொள்வது 'சொலிலொக்வி', பேச்சு வழக்கு 'கொலோக்வியல்', பொம்மையை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசையாமல் குரல் கொடுப்பவர் 'வென்ட்ரிலொக்விஸ்ட்'. கடைசிச் சொல்லுக்கு வயிற்றால் பேசுகிறவர் என்று பொருள், வென்டர் என்றால் வயிறு. ஒரு வேரைப் பிடித்தால் ஐந்து கிளை கையில் வந்துவிடும். அதேபோல 'அனிமஸ்' என்றால் மனம். பெரிய மனம் 'மேக்னானிமஸ்', ஒரே மனம் 'யுனானிமஸ்', சமநிலை தவறாத மனம் 'ஈக்வனிமிட்டி'.

அப்புறம் பெட்டி முறை. 1972-ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் எழுத்தாளர் பிரபலப்படுத்தியது. வெற்று அட்டையில் முன்பக்கம் சொல், பின்பக்கம் பொருளும் நீங்களே எழுதிய ஒரு வாக்கியமும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதைச் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தப்பாகச் சொன்னது முதல் அறைக்கே திரும்பும், நாளைக்கே மறுபடி பார்க்க வேண்டும். மறக்கப்போகிற நேரத்தில் ஒரு தட்டு தட்டி எழுப்புவதுதான் இதன் சூட்சுமம். கைப்பேசியில் ஆங்கி என்ற செயலி இதையே தானாகச் செய்கிறது, ஆனால் பின்பக்கத்து வாக்கியம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும். உங்கள் அம்மாவைப் பற்றி, விடுதிச் சாப்பாட்டைப் பற்றி, காவிரியில் தண்ணீர் வந்த நாளைப் பற்றி எழுதுங்கள்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிர்ச்சொல் கண்டுபிடி, ஒப்புமை கண்டுபிடி என்கிற தனிச்சொல் கேள்விகளை ஜிஆர்இ 2011-லேயே எடுத்துவிட்டது. இப்போது வாக்கியத்துக்குள் எந்தச் சொல் பொருந்தும் என்றுதான் கேட்கிறார்கள். பழைய பட்டியல் புத்தகங்களை மட்டும் நம்பிப் படித்தால் தேர்வுக்கும் உதவாது. ஒரு நல்ல ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைத் தினமும் வாசியுங்கள், தெரியாத சொல்லைக் கோடிட்டு, அதற்கு முன்னாலும் பின்னாலும் வந்த சொற்களோடு சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்.

சசி தரூர் சொன்ன 'ஃபராகோ' என்பதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? நான் பயன்படுத்தலாமா? – மளிகைக் கடை உரிமையாளர், திண்டுக்கல்

2017 மே மாதம் தன்மீது வந்த குற்றச்சாட்டுகளுக்குப் பதிலாக அவர் ட்விட்டரில் அந்தச் சொல்லைப் போட்டதும் நாடே அகராதியைத் திறந்தது. லத்தீனில் அது மாட்டுக்குப் போடும் கலப்புத் தீவனம். கையில் கிடைத்த தானியத்தையெல்லாம் கலந்து போடுவார்களே, அது. அங்கிருந்து, பொய்யும் புரட்டும் கண்டபடி கலந்து கிடக்கிற குவியலுக்குப் பெயராகிவிட்டது. தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் நல்ல கலவைக்கு அதைச் சொல்லக் கூடாது. கூட்டாஞ்சோறு ஃபராகோ ஆகாது, தேர்தல் நேரத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற வதந்திகள் ஆகும்.

அவர் 2018-ல் சொன்ன 'ஃப்ளாக்சிநாசிநிஹிலிபிலிஃபிகேஷன்' பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒன்றைத் துச்சமாக மதிப்பது என்று பொருள், ஆங்கிலத்தில் 29 எழுத்து. ஒன்றுமில்லை, உதவாதது என்ற பொருளில் வரும் நான்கு லத்தீன் சொற்களைக் கோத்துச் செய்தது. குழந்தைகள் சொல்லிப் பார்க்க நன்றாக இருக்கும், எழுத்தில் வைக்க இடம் கிடையாது.

வாடிக்கையாளர் ஒருவருக்கு நல்ல ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். மேலாளர் பாதிச் சொற்களை அடித்துவிட்டுச் சின்னச் சொற்களாக மாற்றிவிட்டார். கற்றதைப் பயன்படுத்தக் கூடாதா? – நிறுவன ஊழியர், அம்பத்தூர்

நீங்கள் அனுப்பிய நகலைப் பார்த்தேன். வருத்தப்படாதீர்கள், உங்கள் மேலாளர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார். டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2006-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரே கட்டுரையில் எளிய சொற்களை எடுத்துவிட்டு நீளமான சொற்களை வைத்து, வெவ்வேறு ஆட்களிடம் வாசிக்கக் கொடுத்தார். சொல் நீள நீள, எழுதியவர் புத்திசாலி என்ற எண்ணம் வாசித்தவர்களிடம் குறைந்துகொண்டே வந்தது.

இதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது, அது தெரிந்தால் உங்களுக்கு இந்தச் சிக்கலே வராது. 1066-ல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அப்புறம் சுமார் முந்நூறு ஆண்டு அரசவையில் பிரெஞ்சு, தேவாலயத்திலும் ஏட்டிலும் லத்தீன், வயலிலும் அடுப்படியிலும் பழைய ஆங்கிலம். அதனால்தான் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு மூன்று மாடி. கேட்பதற்குத் தரைத்தளத்தில் 'ஆஸ்க்', முதல் மாடியில் பிரெஞ்சு வழி வந்த 'க்வெஸ்சன்', இரண்டாம் மாடியில் லத்தீனிலிருந்து வந்த 'இன்டெரகேட்'. அரசனுக்குரியது என்பதற்கு 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்'. மேலே போகப் போகச் சொல் குளிர்ந்துகொண்டே போகும், தூரமாகிக்கொண்டே போகும். நமக்கும் இது புதிதில்லை. சோறு, சாதம், அன்னம் மூன்றும் ஒன்றுதான், ஆனால் பசியோடு வந்த பிள்ளையிடம் 'அன்னம் புசிக்கிறாயா' என்று எந்தத் தாயும் கேட்பதில்லை.

உங்கள் கடிதத்தில் வாடிக்கையாளர் விலையைப் பற்றி 'இன்டெரகேட்' செய்தார் என்று இருக்கிறது. அது காவல் நிலையத்தில் உட்காரவைத்து விசாரிப்பது. அவர் வெறுமனே 'ஆஸ்க்' செய்தவர். அகராதியில் இரண்டுக்கும் 'கேள்' என்றே போட்டிருக்கும், அதனால்தான் ஒரு சொல் எந்த மாடியில் குடியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியின் பிரிவுபசார விழாவில் ஒருவரை 'சிம்ப்ளிஸ்டிக்' மனிதர் என்று பாராட்டினார்கள். எனக்கு உறுத்தியது. இப்படித் தப்பாகப் புழங்கும் சொற்கள் வேறென்ன? – ஆசிரியை, விருதுநகர்

உறுத்தியது சரிதான். எளிமையானவர் என்றால் 'சிம்பிள்' போதும். 'சிம்ப்ளிஸ்டிக்' என்றால் சிக்கலான விஷயத்தை அதன் சிக்கல் புரியாமல் மேம்போக்காகச் சுருக்குவது, அது குறை சொல்லும் சொல். பாராட்டு விழாவில் அடிக்கடி விழுகிற இன்னொன்று 'ஃபுல்சம்'. நிறைவான பாராட்டு என்று நினைத்துச் சொல்கிறார்கள், ஆனால் கவனமாக எழுதுகிறவர்கள் அதை வைத்துக்கொள்வது திகட்டுகிற முகஸ்துதிக்குத்தான். 'எனர்வேட்' என்பதை எனர்ஜியோடு சேர்த்து உற்சாகமூட்டுவது என்று எண்ணிவிடுகிறோம், அது நேர் எதிர், சோர்வடைய வைப்பது. சித்திரை வெயில் நம்மை எனர்வேட் செய்கிறது. 'நாய்சம்' என்பதற்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை, அது குமட்டுகிற நாற்றம். 'எனார்மிட்டி' பழைய வழக்கில் அளவில் பெரியது என்பதைவிடக் கொடுமையில் பெரியது. ஒரு படுகொலையின் எனார்மிட்டி என்பார்கள், புதுக் கட்டடத்தின் எனார்மிட்டி என்றால் படிப்பவர் ஒரு கணம் திடுக்கிடுவார்.

எனக்கு மிகவும் பிடித்த நுட்பம் 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. ஆர்வம் இல்லாதவர் 'அன்இன்ட்ரஸ்டட்'. இதுவோ, தனக்கு லாபமோ நஷ்டமோ இல்லாததால் நடுநிலையோடு இருப்பவர். நீதிபதி டிஸ்இன்ட்ரஸ்டட் ஆக இருக்க வேண்டும், அன்இன்ட்ரஸ்டட் ஆக இருந்தால் வழக்கு என்னாவது. இந்த இரண்டும் கலந்துபோய்க்கொண்டிருக்கிறது, இங்கிலாந்திலும்தான். உங்கள் வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். ஒரு சொல் போனால் அது சுட்டிய குணத்தைக் குறிப்பிடுவதே கடினமாகிவிடும்.

படித்த சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருக்கிறது. – பெயர் வேண்டாம், சேலம்

புத்தகம் வழியாக ஆங்கிலம் கற்ற எல்லோருக்கும் இருக்கும் பயம். ஒரு சொல்லை முதலில் கண்ணால் சந்தித்தவர் சொந்த முயற்சியில் அதைக் கற்றவர், தப்பாக உச்சரித்தால் அதில் கேவலம் ஒன்றுமில்லை. அடிக்கடி வழுக்குபவை: 'எப்பிட்டோம்' இல்லை, இ-பிட்-ட-மி. 'ஹைபர்போல்' இல்லை, ஹை-பர்-ப-லி. கோணலாகிப் போவதைச் சொல்லும் சொல்லை 'ஆரி' என்று படிக்கிறார்கள், அது அ-ரை. கப்பல் துறைக்கான 'க்வே' உண்மையில் வெறும் கீ. குற்றம் சாட்டுவது 'இன்டிக்ட்' இல்லை, இன்டைட். இணைய அகராதிகளில் ஒலிப்பெருக்கிக் குறியை அமுக்கினால் சொல்லிக் காட்டும், மூன்று முறை கூடவே சொல்லிவிட்டு அப்புறம் அட்டையில் எழுதுங்கள்.

ஆங்கிலத்தின் அரிய சொற்களில் நம் பக்கத்துச் சொற்கள் ஏதும் உண்டா? – வாசகர், யாழ்ப்பாணம்

உங்கள் தீவே ஒரு சொல்லாகியிருக்கிறது. இலங்கைக்கு அரபு, பாரசீக வழக்கில் 'சரந்தீப்' என்று பெயர். செரந்தீப்பின் மூன்று இளவரசர்கள் பற்றிய கதை ஒன்றை நினைவில் வைத்து, ஹொரஸ் வால்போல் என்ற ஆங்கில எழுத்தாளர் 1754 ஜனவரி 28 அன்று நண்பருக்கு எழுதிய கடிதத்தில் 'செரன்டிபிட்டி' என்று ஒரு சொல்லைச் செய்தார். வெகுகாலம் யாரும் அதைச் சீண்டவில்லை, இருபதாம் நூற்றாண்டில்தான் பரவியது. இன்று பலர் அதை வெறும் அதிர்ஷ்டம் என்று பயன்படுத்துகிறார்கள், அதில்தான் எனக்கு வருத்தம். வால்போல் சொன்னது, தற்செயலும் கூர்மதியும் சேர்ந்து தேடாத ஒன்றைக் கண்டடைவது. 1928-ல் அலெக்சாண்டர் ஃப்ளெமிங்கின் தட்டில் பூஞ்சை விழுந்தது தற்செயல். அதைச் சுற்றிக் கிருமிகள் வளராததைக் கவனித்துப் பார்த்தாரே, அந்தக் கண் இல்லாவிட்டால் பெனிசிலின் இல்லை.

தமிழிலிருந்து போனவையும் உண்டு. கட்டுமரம் 'கேட்டமரன்' ஆனது, சுருட்டு 'செரூட்' ஆனது, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' என்ற சூப் ஆனது, அணைக்கட்டு 'அனிகட்' ஆகி, கல்லணைக்கு 'கிராண்ட் அனிகட்' என்றே பெயர் வைத்தார்கள். வெட்டிவேர் பிரெஞ்சு வழியாகப் போய் 'வெட்டிவர்' என்ற பெயரில் வாசனைத் திரவியக் குப்பிகளில் இருக்கிறது. எனக்கு அதிசயமாக இருப்பது குருந்தம். அது 'கொரண்டம்' ஆகி, கனிமவியலில் நிரந்தர இடம் பிடித்துவிட்டது. மாணிக்கம், நீலம் இரண்டும் கொரண்டம்தான், கடினத்தில் வைரத்துக்கு அடுத்த படி, மோஸ் அளவுகோலில் 9.

ஒரு சொல்லை மட்டும் நான் எழுதுவதில்லை. ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கில ஊடகங்கள் சர்வசாதாரணமாகப் போடும் 'பரையா'. உலக நாடுகள் ஒதுக்கிவைத்த தேசத்தை 'பரையா ஸ்டேட்' என்பார்கள். அது நம் ஊரில் வாழும் ஒரு மக்களின் பெயர். அவர்களுக்கு இழைத்த தீண்டாமையை அப்படியே பொருளாக்கி உலகமெல்லாம் கொண்டுபோன சொல். 'அவுட்காஸ்ட்' என்று எழுதினாலும் வேலை நடக்கும், நீங்களும் அதையே எழுதுங்கள்.

தமிழில் இல்லாத சொல்லா? இந்த வயதில் இங்கிலீஷ்காரனின் அரிய சொற்களுக்கு இவ்வளவு பக்கம் ஒதுக்குவது அடிமைப் புத்தி இல்லையா? – ஓய்வுபெற்ற தமிழாசிரியர், திருநெல்வேலி

ஐயா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இதே கோபம் ஆங்கிலேயருக்கும் இருந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். பதினாறாம் நூற்றாண்டில் லத்தீன் சொற்களை அள்ளிக் கொட்டி எழுதியவர்களைப் பார்த்து 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று திட்டினார்கள், மையில் பிறந்தவை, வாயில் பிறக்காதவை என்று அர்த்தம். 1553-ல் தாமஸ் வில்சன் அப்படிப்பட்ட சொற்களை அடுக்கிக் கேலியாக ஒரு கடிதமே எழுதிக் காட்டினார். அவர் கேலி செய்ததில் 'ரெவல்யூட்டிங்' செத்துப்போனது, ஆனால் 'செலிப்ரேட்', 'டெக்ஸ்டெரிட்டி' இரண்டும் பிழைத்து இன்று எல்லோர் வாயிலும் இருக்கிறது. கேம்பிரிட்ஜின் ஜான் சீக், நம் மொழி கலப்பில்லாமல் தூய்மையாக எழுதப்பட வேண்டும் என்று 1557-ல் எழுதினார். பைபிளை மொழிபெயர்த்தபோது நூறு வீரர்களின் தலைவனுக்கு லத்தீன் சொல் வேண்டாமென்று 'ஹண்ட்ரடர்' என்று, ஏறக்குறைய நம் 'நூற்றுவர் தலைவன்' மாதிரி, சொந்தச் சொல் படைத்தவர் அவர். 1916-ல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தை மதிக்கிறவர் நீங்கள், ஜான் சீக்கை உங்களுக்குப் பிடிக்கும்.

நான் ஆங்கிலத்தின் அரிய சொற்களைத் தேடப் போய்த்தான் தமிழை மறுபடி ஆழமாகப் பார்த்தேன், இது சத்தியம். தாவரவியலில் 'மார்செஸன்ட்' என்று ஒரு சொல். காய்ந்தும் உதிராமல் செடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் இலைக்குச் சொல்வது. ஓக் மரத்து இலைகள் குளிர்காலத்தில் அப்படி நிற்கும். இதற்குத் தமிழில் என்ன என்று நாள்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்தபோது, பனையைப் பார்த்ததும் சட்டென்று வந்தது. 'காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்' என்று நம் கிழவிகள் சொல்கிறார்களே, காய்ந்து பழுப்பாகி, விழாமல் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குகிற ஓலை, அதுதான். ஆங்கிலத்தில் அது விஞ்ஞானிகளின் சொல், நம்மிடம் பனையேறியின் சொல், பழமொழியாகவும் ஆன சொல். பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பருவத்துக்கு ஒரு பெயர் வைத்த மொழியைப் படித்த பிள்ளைக்கு, சொற்களுக்கிடையே நுட்பம் பார்ப்பது ஏற்கெனவே கைவந்த கலை. அந்தப் பிள்ளை ஆங்கிலத்திலும் அதையே செய்யட்டும் என்றுதான் இவ்வளவு பக்கம்.

நம்மிடம் இல்லாததும் உண்டு. 'அப்ரிசிட்டி' என்று 1623-ல் ஹென்றி காக்கரம் தன் அகராதியில் பதிந்த சொல், குளிர்காலத்தில் மேலே படுகிற வெயிலின் இதமான சூடு. நமக்கு அப்படியொரு குளிரே கிடையாது, அதற்கு ஏன் சொல் பிறக்கப் போகிறது. ஊட்டியில் ஜனவரி காலையில் வெயிலில் நின்றவர்களுக்கு மட்டும் அது உடனே புரியும்.

உங்களுக்கு மிகவும் பிடித்த ஓர் ஆங்கிலச் சொல்? – பத்தாம் வகுப்பு மாணவன், சிவகங்கை

'பெட்ரிகோர்', தம்பி. நீண்ட வெயிலுக்குப் பிறகு முதல் மழை விழும்போது கிளம்பும் வாசனை. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964-ல் செய்த சொல். கிரேக்கத்தில் 'பெட்ரா' என்றால் கல், 'இகோர்' என்றால் தேவர்களின் உடலில் ஓடும் ரத்தம். கல்லின் ரத்தம்! வறண்ட காலத்தில் செடிகளிலிருந்து வரும் ஒருவித எண்ணெய் கல்லிலும் மண்ணிலும் ஊறிக் கிடக்கிறது, ஈரம் பட்டதும் வெளியேறுகிறது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் 'ஜியோஸ்மின்' என்ற பொருளும் அதில் சேர்ந்திருக்கிறது.

நாம் அதை மண்வாசனை என்கிறோம். ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்துவிட்டது, ஒரு ஊரின் பேச்சும் சாப்பாடும் மனிதர்களும் கதையில் தெரிந்தால் மண்வாசனை வீசுகிறது என்போம். பெட்ரிகோருக்கு அந்த அர்த்தம் கிடையாது. அதனால் இரண்டையும் வைத்துக்கொள். உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் இந்த வாசனையையே குப்பியில் பிடிக்கிறார்கள், தெரியுமா? சுட்ட களிமண் வில்லைகளைச் செப்புப் பாத்திரத்தில் போட்டுத் தண்ணீரோடு காய்ச்சி, வருகிற ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். அதற்குப் பெயர் மிட்டி அத்தர். உங்கள் ஊர்ப் பக்கம் கோடை மழை வரும் நாளில் ஒரு பிடி செம்மண்ணை எடுத்து மோந்து பார், அந்தச் சொல்லை நீ மனப்பாடம் செய்யவே வேண்டியிருக்காது.